யார் எந்த ஊரில், எந்த மூலையில்? மைனர் லீக் அவுட்ஃபீல்டர்களின் இடத்தைக் கணிப்பது எப்படி

ஏப்ரல் பிறக்கும்போது அமெரிக்க பேஸ்பாலில், உச்சியில் இருக்கும் மேஜர் லீகுக்கு ஆள் வளர்த்துத் தரும் மைனர் லீக் அணிகள் தங்கள் வீரர் பட்டியலை வெளியிடும். உடனே ரசிகர்களிடம் வழக்கமான குழப்பம் தொடங்கும். போன வருடம் நன்றாக அடித்தவரை ஏன் அதே ஊரில் விட்டுவைத்தார்கள்? அவுட்ஃபீல்டின் (பேட்டருக்குத் தொலைவான களப்பகுதியின்) நடுவில் நிற்கும் சென்டர் ஃபீல்டர் என்று பேர் வாங்கியவர் ஏன் வாரத்தில் இரண்டு நாள் லெஃப்ட் ஃபீல்டில் நிற்கிறார்? பெயரே கேள்விப்படாத முப்பது வயதுக்காரர் ஏன் மைனர் லீகின் உச்சப் படியான டிரிபிள்-ஏ அணியில் இடம் பிடித்திருக்கிறார்?

பெரும்பாலானவர்கள் இதைத் தரவரிசைக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். யார் சிறந்தவர் என்று வரிசைப்படுத்தி, மேலிருந்து ஒவ்வொரு படியாக அடுக்கினால் விடை வந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். அப்படி அடுக்கினால் பாதி தப்பாகத்தான் போகும். இது அடிப்படையில் ஆட்டநேரத்தைப் பங்கு போடும் கணக்கு. பந்தியில் எத்தனை இலை என்று தெரிந்த பிறகுதான் யாரை எங்கே உட்கார வைப்பது என்ற பேச்சே எழும். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் 2023 முதல் 2025 வரையிலான அவுட்ஃபீல்ட் வரிசையை வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

## ஏணியின் படிகள்

மேஜர் லீகில் 30 அணிகள். 2021-இல் மைனர் லீக் முழுவதும் திருத்தி அமைக்கப்பட்ட பிறகு, ஒவ்வொரு தாய் அணிக்கும் முழுப் பருவமும் ஆடும் நான்கு கிளை அணிகள் உண்டு. ஆக மொத்தம் 120. கீழிருந்து மேலாகச் சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. இவற்றுக்கும் கீழே, பயிற்சி வளாகத்திலேயே நடக்கும் காம்ப்ளெக்ஸ் லீக். அதற்கும் கீழே டொமினிக்கன் குடியரசில் நடக்கும் கோடை லீக்.

பாஸ்டனுக்கு இந்தப் படிகள் இப்படி அமைந்திருக்கின்றன:

1. டிரிபிள்-ஏ: வூஸ்டர், மாசசூசெட்ஸ். பாஸ்டனின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணம்.
2. டபுள்-ஏ: போர்ட்லண்ட், மெய்ன்.
3. ஹை-ஏ: கிரீன்வில், தென் கரோலினா.
4. சிங்கிள்-ஏ: சேலம். இது வர்ஜீனியாவின் சேலம். மாம்பழத்துச் சேலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.
5. காம்ப்ளெக்ஸ் லீக்: ஃபோர்ட் மையர்ஸ், ஃபுளோரிடா.

பழைய புள்ளிவிவரங்களைப் புரட்டுவோருக்கு இங்கே ஒரு பள்ளம் காத்திருக்கிறது. 2021-க்கு முன் சேலம்தான் ஹை-ஏ; கிரீன்வில் அதற்குக் கீழ்ப்படி. திருத்தத்தின்போது இரண்டும் இடம் மாறின. பின்னாளில் பாஸ்டனின் லெஃப்ட் ஃபீல்டரான ஜேரன் டுரான் 2019-இல் சேலத்தில் 50 ஆட்டங்களில் .387 பேட்டிங் சராசரியில் (ஆயிரம் வாய்ப்புக்கு 387 வெற்றி அடி) அடித்தார் என்று படித்துவிட்டு, அதை இன்றைய சேலத்துச் சிறுவர் ஒருவரோடு ஒப்பிட்டால் ஒரு படி பிசகிவிடும்.

அவுட்ஃபீல்டில் மூன்றே இடங்கள்: லெஃப்ட், சென்டர், ரைட். ஸ்கோர் புத்தகத்தில் இவற்றுக்கு 7, 8, 9 என்று எண்கள். இன்னின்ன ஆட்டத்தில் யார் எங்கே நின்றார் என்பதை இந்த எண்கள்தான் சொல்லும். அணிப் பட்டியலில் ‘அவுட்ஃபீல்டர்’ என்று பொதுவாகப் போட்டிருப்பதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

## வாரத்துக்கு 18 இடம்

மைனர் லீகில் திங்கட்கிழமை ஓய்வு. செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டங்கள். டபுள்-ஏ பருவம் 138 ஆட்டம், அதாவது 23 வாரம். ஹை-ஏவும் சிங்கிள்-ஏவும் 132 ஆட்டம். டிரிபிள்-ஏ 150.

ஆறு ஆட்டம், மூன்று இடம்: ஒரு அணிக்கு வாரம் 18 அவுட்ஃபீல்ட் தொடக்கங்கள், அதாவது ஆட்டத்தின் தொடக்கத்திலேயே களமிறங்கும் வாய்ப்புகள். இதோடு, களத்தில் இறங்காமல் பேட் மட்டும் பிடிக்கும் டி.எச். இடம் ஆறு. ஆனால் டி.எச். இடத்தை அவுட்ஃபீல்டர்கள் மட்டும் அனுபவிப்பதில்லை. பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் கேட்சருக்கு முழங்கால் ஓய்வு வேண்டும், முதல் பேஸ்காரருக்கு அடிக்க வாய்ப்பு வேண்டும். பாதி கிடைத்தால் நல்ல பங்கு. எனவே கையில் இருப்பது 21.

வளரும் வீரர் ஒருவரை ஒழுங்காக வளர்க்க வாரம் ஐந்து ஆட்டமாவது கொடுக்க வேண்டும். இப்போது கணக்கைப் பாருங்கள்:

1. நான்கு அவுட்ஃபீல்டர்கள் இருந்தால் ஆளுக்கு ஐந்து. எல்லோருக்கும் வயிறு நிறையும்.
2. ஐந்து பேர் இருந்து, அவர்களில் இருவர் அணியின் பெரிய நம்பிக்கை என்றால், அந்த இருவருக்கும் சேர்த்துப் பத்தோ பதினொன்றோ போய்விடும். மிச்சம் பத்தை மூன்று பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு மூன்றே கால்.
3. ஆறு பேர் என்றால் யாரோ ஒருவர் வாரத்தில் இரண்டே நாள் ஆடுவார். அவர் அங்கே இருப்பதற்குக் காரணம் வளர்ச்சியாக இருக்காது.

‘ஏன் அதே படியில்?’ என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. மேலே இரண்டு நம்பிக்கை நட்சத்திரங்கள் ஏற்கெனவே இருந்தால், மூன்றாமவரை அங்கே அனுப்பி வாரம் மூன்று ஆட்டம் கொடுப்பதைவிட, கீழ்ப்படியில் வைத்து ஐந்து ஆட்டம் கொடுப்பதே புத்திசாலித்தனம். அவர் தகுதியில் எந்தக் குறையும் இல்லாமலேயே இது நடக்கும்.

பட்டியலின் அளவும் கையைக் கட்டும். டபுள்-ஏ, டிரிபிள்-ஏ அணிகளுக்கு 28 பேர். கீழ் இரண்டுக்கும் 30. அதில் பாதிக்கு மேல் பந்துவீச்சாளர்களே நிறைந்துவிடுவார்கள். மிஞ்சும் பதின்மூன்று, பதினான்கு இடங்களில் கேட்சர்களும், பேஸ்களுக்கு அருகே நிற்கும் இன்ஃபீல்டர்களும் போக அவுட்ஃபீல்டருக்கு நான்கு அல்லது ஐந்து. இதெல்லாம் போதாதென்று, பருவத்தின்போது அமெரிக்காவில் வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் வீரர்களின் மொத்த எண்ணிக்கைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. முன்பு 180 ஆக இருந்ததை 2024-இல் 165 ஆகக் குறைத்தார்கள். ‘போகட்டும், ஓர் ஓரமாக இருக்கட்டும்’ என்று யாரையும் வைத்துக்கொள்ளும் காலம் முடிந்துவிட்டது.

## மேலிருந்து கீழே எண்ணுங்கள்

கணிக்கும்போது செய்யும் முதல் தவறு, பிடித்த இளம் வீரரிடமிருந்து தொடங்குவது. தொடங்க வேண்டிய இடம் உச்சி.

1. மேஜர் லீக் அணியின் அவுட்ஃபீல்டை எழுதுங்கள். 2025 தொடக்கத்தில் பாஸ்டனுக்கு டுரான் லெஃப்டில், செடான் ரஃபேலா சென்டரில், வில்யர் அப்ரேயு ரைட்டில். இடக்கைப் பந்துவீச்சாளர் வந்தால் அடிக்க ராப் ரெஃப்ஸ்னைடர். ரஃபேலாவுக்கு 2024 ஏப்ரலிலேயே எட்டு ஆண்டு, 5 கோடி டாலர் ஒப்பந்தம். ஆக, சென்டர் நீண்ட காலத்துக்குப் பூட்டப்பட்டுவிட்டது.

2. மேஜர் லீக் அணி தனக்கென்று பாதுகாத்து வைக்கும் 40 பேர் பட்டியலில் இருந்துகொண்டு, ‘ஆப்ஷன்’ மிச்சம் உள்ளவர்களை எழுதுங்கள். ஆப்ஷன் என்பது, வீரரை இழக்காமல் மைனர் லீகுக்கு அனுப்பும் உரிமை. பொதுவாக ஒருவருக்கு மூன்று பருவங்களுக்கு உண்டு. 2022 முதல் ஒரே பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் ஒருவரை இப்படிக் கீழே இறக்க முடியாது. இறக்கிய பேட்டரைப் பத்து நாள் கழித்தே திரும்ப அழைக்கலாம். யாராவது காயப்பட்டால் விதிவிலக்கு. அவசரத்துக்குக் கூப்பிடும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் இவர்களில் பெரும்பாலோர் டிரிபிள்-ஏவில்தான் இருப்பார்கள்.

3. மைனர் லீக் ஒப்பந்தத்தில் வந்த மூத்தவர்களைச் சேருங்கள். அந்த முப்பது வயதுக்காரர் இந்த வகை. மேஜர் லீகில் யாருக்காவது தசை இழுத்துக்கொண்டால் மூன்று நாள் நிரப்ப ஒருவர் வேண்டும். அதற்காக இருபது வயது நம்பிக்கை நட்சத்திரத்தின் மேஜர் லீக் பணிக்காலக் கடிகாரத்தைத் தொடங்கிவைக்க எந்த அணியும் விரும்பாது. இவர்களில் சிலரது ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட தேதிக்குள் மேலே அழைக்காவிட்டால் விலகிக்கொள்ளும் உரிமை இருக்கும். மேஜர் லீகில் போதிய ஆண்டுகள் ஆடிய ஒரு வகையினருக்கு, பருவத் தொடக்கத்துக்கு ஐந்து நாள் முன்பும், மே 1, ஜூன் 1 தேதிகளிலும் விதிப்படியே அந்த உரிமை உண்டு. இந்தத் தேதிகளைக் குறித்து வையுங்கள். டிரிபிள்-ஏவில் திடீரென்று ஓர் இடம் காலியாவது பெரும்பாலும் இவற்றை ஒட்டித்தான்.

4. இவர்கள் போக டிரிபிள்-ஏவில் எத்தனை இடம் மிச்சம் என்று பாருங்கள். பல நேரம் ஒன்று. தாராளமாக இருந்தால் இரண்டு.

5. அந்த இடத்தை நிரப்பிவிட்டு டபுள்-ஏவுக்கு இறங்குங்கள். அங்கேயும் முதலில் ‘தினமும் ஆடியே தீர வேண்டியவர்’ யார் என்று எழுதிவிட்டு, பிறகு மற்றவர்களை. இப்படியே சேலம் வரை.

கீழே வரவர நிச்சயம் குறையும். டிரிபிள்-ஏவின் நான்கு பேரில் மூன்று பேரைச் சரியாகச் சொல்வது சாத்தியம். சிங்கிள்-ஏவில் பாதி சரியாக வந்தாலே கெட்டிக்காரத்தனம்தான். அங்கே இருப்பவர்களில் பலர் இருபதை ஒட்டிய வயதுப் பிள்ளைகள். வசந்தகாலப் பயிற்சியில் அவர்கள் எப்படி ஆடினார்கள் என்பது வளாகத்துக்கு வெளியே அதிகம் தெரியாது.

## போன செப்டம்பரில் எந்த ஊர்?

ஒரே ஒரு தகவலை வைத்துக் கணிக்கச் சொன்னால், கேட்க வேண்டியது இதுதான்: போன பருவத்தை எந்தப் படியில் முடித்தார்?

கடைசிப் படியில் பாதிப் பருவத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், புதிய பருவம் அங்கேயே தொடங்கும். பாஸ்டனில் இதற்குச் சான்றுகள் வரிசையாகக் கிடைக்கின்றன. ரோமன் ஆந்தனி 2023-இல் சேலத்தில் தொடங்கி, கிரீன்வில் ஏறி, செப்டம்பரில் போர்ட்லண்டில் பத்து ஆட்டம் ஆடினார். 2024-ஐப் போர்ட்லண்டில் தொடங்கினார். 2024 ஆகஸ்டில் வூஸ்டர் போய் 35 ஆட்டம். 2025-ஐ வூஸ்டரில் தொடங்கினார். ஜோஸ்டின்சன் கார்சியா 2024-இல் சேலம், கிரீன்வில், போர்ட்லண்ட் என்று மூன்று படி ஏறினார்; 2025 தொடக்கம் போர்ட்லண்ட். மிகேல் பிளெய்ஸ் 2023-இல் சேலத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது தோள்பட்டை அறுவைச் சிகிச்சையால் பருவத்தை இழந்தார். 2024-ஐ மறுபடி சேலத்தில் தொடங்கி, நடுவில் கிரீன்வில் ஏறி, 2025-ஐக் கிரீன்வில்லில் தொடங்கினார்.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. செப்டம்பரில் மேலே ஏற்றுவது பெரும்பாலும் ருசி காட்டத்தான்: அடுத்த ஆண்டு எந்த மாதிரிப் பந்தைச் சந்திக்கப் போகிறாய், பார்த்துக்கொள் என்று. முழுச் சாப்பாடு ஏப்ரலில்.

விலகல்கள் பெரும்பாலும் கல்லூரியில் ஆடிவிட்டு வந்தவர்களிடம் தென்படும். அவர்களுக்கு வயது இருபத்தொன்று, இருபத்திரண்டு ஆகியிருக்கும், காத்திருக்க நேரமில்லை. டுரான் 2018 ட்ராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டு, அந்தக் கோடையைக் கிரீன்வில்லில் முடித்து, 2019-ஐ ஒரு படி மேலே, அன்றைய ஹை-ஏ சேலத்தில் தொடங்கினார். கிறிஸ்டியன் கேம்ப்பெல் 2023-இல் நான்காம் சுற்றுத் தேர்வு; 2024-இல் கிரீன்வில்லில் தொடங்கி, அதே ஆண்டுக்குள் போர்ட்லண்ட், வூஸ்டர் இரண்டையும் தொட்டுவிட்டார்.

## 8 முதலில், 9 அடுத்து, 7 கடைசியில்

ஊர் முடிவானதும் மூலை. இங்கே சென்டர் ஃபீல்டைத்தான் முதலில் நிரப்ப வேண்டும். அதிக நிலப்பரப்பைக் காப்பவர் அவர். இருபுறமும் ஓடுபவரும் அவரே. சென்டரில் நிற்கத் தெரிந்தவர் ஓரத்துக்குப் போவது எளிது. ஓரத்துக்காரர் சென்டருக்கு வருவது அரிது. அதனால் எந்த அணியும் ஒரு வீரரின் சென்டர் வாய்ப்பைச் சீக்கிரம் கைவிடாது. கீழ்ப்படிகளில் ஒருவர் சென்டரில் நிற்பதை வைத்து மேலேயும் அங்கேதான் நிற்பார் என்று முடிவு கட்ட வேண்டாம். இன்னும் கதவை மூடவில்லை என்பது மட்டுமே அதற்குப் பொருள்.

மற்ற அணிகளில் ரைட் ஃபீல்டருக்குக் கேட்பது பலமான கை. ரைட்டிலிருந்து மூன்றாம் பேஸுக்கு எறிவதுதான் நீண்ட எறி. முதல் பேஸில் இருப்பவர் ஓர் அடியில் மூன்றாவதுக்கு ஓடாமல் தடுப்பது அந்தக் கைதான். லெஃப்டிலிருந்து மூன்றாம் பேஸ் பக்கம்தான், கை சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம்.

பாஸ்டனில் இதோடு மைதானமும் சேர்ந்துகொள்கிறது. ஃபென்வேயின் லெஃப்ட் ஃபீல்ட் மூலை 310 அடிதான். அதை ஈடுகட்ட 37 அடி உயரச் சுவர், ‘கிரீன் மான்ஸ்டர்’. பின்னால் ஓட இடமே இல்லை. சுவரில் பட்டுத் திரும்பும் பந்தைப் படிக்கத் தெரிந்தால் போதும். ரைட் ஃபீல்ட் நேர்மாறு. கம்பத்தருகே 302 அடியில் தொடங்கும் வேலி, சட்டென்று வளைந்து 380 அடிக்கு விரிந்துவிடுகிறது. அங்கே நிற்க ஏறத்தாழ இன்னொரு சென்டர் ஃபீல்டர் வேண்டும். ஆகவே பாஸ்டனின் கிளை அணிகளில் சென்டரும் ரைட்டும் மாற்றி மாற்றி ஆடுபவரைக் கண்டால், அவரை இறக்கிவிட்டதாக எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது பாராட்டு.

சுவரைப் படிக்கும் பாடமும் கிளைகளில்தான் நடக்கிறது. ஃபோர்ட் மையர்ஸின் ஜெட்ப்ளூ பார்க் ஃபென்வேயின் அளவுகளிலேயே கட்டப்பட்டது. கிரீன்வில்லின் ஃப்ளூவர் ஃபீல்டில் 30 அடியில் ஒரு பச்சைச் சுவர். போர்ட்லண்டின் ஹேட்லாக் ஃபீல்டில் ‘மெய்ன் மான்ஸ்டர்’ என்ற சுவர். கிரீன்வில்லுக்கு வரும் ஓர் அவுட்ஃபீல்டர் திடீரென்று வாரம் இரண்டு நாள் 7-இல் நின்றால், அந்தச் சுவரும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

ஒரே படியில் இரண்டு சென்டர் ஃபீல்டர்கள் இருந்தால் வழக்கமான பங்கீடு மூன்றுக்கு மூன்று. ஒருவர் தெளிவாக மேலானவர் என்றால் நான்குக்கு இரண்டு. சென்டர் இல்லாத நாளில் ஓரத்துக்குப் போவார்கள். ஆந்தனியும் வூஸ்டரில் மூன்று மூலைகளையும் பழகினார். அப்ரேயு காயப்பட்டதால் 2025 ஜூன் 9-இல் மேஜர் லீகுக்கு அழைக்கப்பட்ட ஆந்தனி அன்று நின்றது ரைட் ஃபீல்டில். ரஃபேலா சென்டரைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை ஆந்தனி சென்டரை மட்டும் பழகிக்கொண்டிருந்தால் அவர் எந்தக் கதவு வழியாகவும் உள்ளே போயிருக்க முடியாது.

எறியும் கையையும் பாருங்கள். இடக்கையால் எறிபவருக்கு அவுட்ஃபீல்டை விட்டால் முதல் பேஸும் பந்துவீச்சும்தான் மிச்சம். வலக்கையால் எறிபவரை இன்ஃபீல்டுக்கும் கொண்டுபோகலாம், அங்கிருந்து கொண்டும் வரலாம். டுரான் ட்ராஃப்டில் எடுக்கப்பட்டது இரண்டாம் பேஸ்காரராக. ரஃபேலா மைனர் லீகில் இன்ஃபீல்டும் ஆடியவர். கேம்ப்பெல் 2024-இல் இரண்டாம் பேஸ், ஷார்ட்ஸ்டாப், சென்டர் என்று சுற்றினார். அவுட்ஃபீல்டர் பட்டியலை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இந்த மூவரும் எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியாது.

## .228 அடித்தவரை ஏன் மேலே ஏற்றினார்கள்?

ஆந்தனி 2023-இல் சேலத்தில் 42 ஆட்டங்களில் ஒரே ஒரு ஹோம் ரன்னுடன் .228 அடித்தார். பேட்டிங் சராசரியைப் பார்த்துக் கணித்தவர்கள், பருவம் முழுக்கச் சேலம்தான் என்று எழுதிவைத்தார்கள். ஜூனிலேயே அவரைக் கிரீன்வில்லுக்கு ஏற்றினார்கள். அங்கே 54 ஆட்டங்களில் 12 ஹோம் ரன்.

அணி நிர்வாகம் பார்த்தது வேறு எண்களை. அவை இவை, முக்கியத்துவ வரிசையில்:

1. ஸ்ட்ரைக் எல்லைக்கு (பேட்டரால் அடிக்கத்தக்கதாக விதி வகுத்த எல்லைக்கு) வெளியே வரும் பந்தைத் துரத்துகிறாரா? துரத்தாதவருக்கு நடை, அதாவது நான்கு தப்புப் பந்துக்கு முதல் பேஸுக்கு இலவசப் பயணம், அதிகம் கிடைக்கும். சேலத்தில் ஆந்தனியின் சராசரி தாழ்ந்திருந்தாலும் பேஸை எட்டும் விகிதம் நன்றாகவே இருந்தது.
2. எல்லைக்குள் வரும் பந்தில் பேட் படுகிறதா?
3. பட்ட பந்து எவ்வளவு வேகத்தில் கிளம்புகிறது? வேகமாகக் கிளம்பி நேரே ஃபீல்டர் கைக்குப் போவது ஆறு வாரத்துக்கு நடக்கலாம். ஆறு மாதத்துக்கு நடக்காது.
4. அந்தப் படியின் சராசரி வயதைவிட எத்தனை வயது இளையவர்?

இந்த நான்கில் மூன்று நன்றாக இருந்தால், சராசரி எப்படி இருந்தாலும் பெட்டியைக் கட்டிவைத்துக்கொள்ளலாம். மறுபக்கம், .320 அடித்தும் கண்டபடி துரத்துபவரை நிறுத்தியே வைப்பார்கள். காரணம் டபுள்-ஏ. அங்கே பந்துவீச்சாளர்களுக்குத் தாங்கள் நினைத்த இடத்தில் வளைபந்தைப் போடத் தெரியும். கீழே தப்பித்துக்கொண்டிருந்த குறை அங்கே இரண்டே வாரத்தில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

## நகர்வு நடக்கும் நாட்கள்

மாற்றங்கள் ஆண்டு முழுக்கச் சீராகப் பரவியிருப்பதில்லை. மே தொடக்கத்தில் காம்ப்ளெக்ஸ் லீக் ஆரம்பிக்கும். ஏப்ரல் முழுக்க ஃபோர்ட் மையர்ஸில் பயிற்சியில் இருந்தவர்கள் யார் என்பது அப்போதுதான் தெரியவரும். ஜூன் பின்பாதியில் டபுள்-ஏவும் அதற்குக் கீழும் பருவத்தின் முதல் பாதி முடியும். ஒரு சுற்று மேலேற்றம் அதையொட்டி நடக்கும். ஜூலையில் ட்ராஃப்ட், மாதக் கடைசியை ஒட்டிக் காம்ப்ளெக்ஸ் லீக் முடிவு, வீரர் பரிமாற்றக் கெடு எல்லாம் ஒன்றாக வந்து விழும். கீழிருந்து காம்ப்ளெக்ஸ் பிள்ளைகளும், வெளியிலிருந்து கல்லூரிப் பையன்களும் ஒரே நேரத்தில் சிங்கிள்-ஏ வாசலில் நிற்பார்கள். அவர்களுக்கு இடம் விட மேலே எல்லோரும் நகர்ந்தாக வேண்டும்.

2024 ஆகஸ்டில் ஆந்தனி, ஷார்ட்ஸ்டாப் மார்சலோ மேயர், கேட்சர் கைல் டீல் மூவரும் ஒன்றாகப் போர்ட்லண்டிலிருந்து வூஸ்டர் போனது நினைவிருக்கலாம். ஆண்டில் ஒரே ஒரு முறைதான் கணிப்பைத் திருத்துவேன் என்பவர் ஆகஸ்ட் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும்.

## கணிப்பு சறுக்கும் இடங்கள்

காயம் முதல் காரணம். அதற்கு மருந்து இல்லை. ஆனால் தவிர்க்கக்கூடிய சறுக்கல்களும் உண்டு.

மறுவாழ்வு ஆட்டம் அவற்றில் ஒன்று. காயத்திலிருந்து மீளும் மேஜர் லீக் பேட்டர் அதிகபட்சம் 20 நாள் கிளை அணியில் ஆடலாம். மூன்று வாரம் ஒருவர் ரைட் ஃபீல்டை எடுத்துக்கொண்டால், அங்கே இருந்த இளைஞர் பெஞ்சில் உட்காருவார். ‘நம்பிக்கை இழந்துவிட்டார்கள்’ என்று கட்டுரை எழுதுவதற்கு முன் விருந்தாளி யாராவது வந்திருக்கிறாரா என்று பார்ப்பது நல்லது.

காகித இடமாற்றம் இன்னொன்று. பரிவர்த்தனைப் பட்டியலில் ஒருவர் பெயர் போர்ட்லண்டுக்குப் போயிருக்கும். ஆளோ ஃபோர்ட் மையர்ஸில் வலைப்பயிற்சியில் இருப்பார். ‘டெவலப்மென்ட் லிஸ்ட்’ என்ற பட்டியலில் வைக்கப்பட்டவர் அணியோடு இருந்தாலும் ஆடமாட்டார். 28 பேர் கணக்கிலும் வரமாட்டார்.

மூன்றாவது, ரூல் 5 ட்ராஃப்டை மறப்பது. பதினெட்டு வயதுக்குள் ஒப்பந்தமானவரை ஐந்து பருவத்துக்குள், அதற்கு மேற்பட்ட வயதில் ஒப்பந்தமானவரை நான்கு பருவத்துக்குள் 40 பேர் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் டிசம்பரில் வேறு அணி 1,00,000 டாலர் கொடுத்து அவரை எடுத்துக்கொள்ளலாம்; எடுத்தவர்கள் அடுத்த பருவம் முழுக்க அவரை மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். 2019-இல் வெனிசுவேலாவிலிருந்து ஒப்பந்தமான கார்சியாவுக்கு 2024 நவம்பர்தான் கெடு. அந்த ஆண்டில் மூன்று படி ஏற்றியதும், நவம்பரில் பட்டியலில் சேர்த்ததும் தனித்தனிச் செய்திகளாக வந்தன. கெடு நெருங்கும் ஆண்டில் அணி அவசரப்படும், ஏனென்றால் பாதுகாக்கத் தகுதியானவரா என்பதை டபுள்-ஏ பந்துவீச்சுதான் சொல்லும்.

## இடத்தால் மாறும் விலை

2023-இல் மைனர் லீக் வீரர்களுக்கு முதன்முறையாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தது. அதன்படி ஆண்டுக்குக் குறைந்தபட்சம் சிங்கிள்-ஏவில் 26,200 டாலர், ஹை-ஏவில் 27,300, டபுள்-ஏவில் 30,250, டிரிபிள்-ஏவில் 35,800. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை. உண்மையான பள்ளத்தாக்கு டிரிபிள்-ஏவுக்கும் மேஜர் லீகுக்கும் இடையில்: 2025-இல் மேஜர் லீகின் குறைந்தபட்சம் 7,60,000 டாலர். ஆந்தனி அங்கே போன இரண்டே மாதத்தில் எட்டு ஆண்டுக்கு 13 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்.

அந்தக் கையெழுத்தோடு பாஸ்டனின் அவுட்ஃபீல்ட் நிரம்பிவிட்டது. டுரான், ரஃபேலா, அப்ரேயு, ஆந்தனி: மூன்று இடத்துக்கு நான்கு பேர். அவர்களில் மூவர் இடக்கைப் பேட்டர்கள் என்பதால் வலக்கைப் பேட்டரான கார்சியாவுக்கு ஓர் இடுக்கு இருந்தது. 2025 ஆகஸ்டில் அவர் மேஜர் லீகில் அறிமுகமானதும் உண்மை. ஆனால் வாரம் ஓரிரு நாள் ஆட்டத்துக்கு அவரை வைத்திருப்பது அவருக்கும் நஷ்டம், அணிக்கும் நஷ்டம். டிசம்பரில் பந்துவீச்சாளர் யோஹான் ஒவியேடோவுக்கு ஈடாகப் பிட்ஸ்பர்குக்குப் போனார். வூஸ்டரில் மூன்றாவது, நான்காவது நல்ல அவுட்ஃபீல்டர் சேரும்போதே இத்தகைய பரிமாற்றத்துக்கு நாள் குறிக்கத் தொடங்கலாம்.

## இரண்டு வாரம் கழித்துச் சரிபார்ப்பது

பருவம் தொடங்கி 12 ஆட்டம் முடிந்ததும் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையிலிருந்தும் தொடக்க வீரர்களின் 7, 8, 9, டி.எச். எண்களைக் கோடு போட்டு எண்ணுங்கள்.

1. எட்டு முறைக்கு மேல் 8-இல் தொடங்கியவர் அந்தப் படியின் முதன்மை சென்டர் ஃபீல்டர்.
2. 8-இல் ஐந்து, 9-இல் நான்கு என்று வந்தால் பழக்குகிறார்கள். அடுத்த படியில் ஓர் ஓரம் காலியாவதை எதிர்பார்க்கிறார்கள்.
3. டி.எச். நான்கைத் தாண்டினால் தோளிலோ முழங்காலிலோ ஏதோ இருக்கலாம்.
4. மொத்தமே ஆறுக்குக் கீழ் என்றால், மே மாதம் அவர் வேறு ஊரில் இருக்க வாய்ப்பு அதிகம், பெரும்பாலும் ஒரு படி கீழே.

கணிப்பை எழுதும்போதே ஒரே ஊரைப் போடாமல் ‘போர்ட்லண்ட் 70, கிரீன்வில் 30’ என்று நூற்றுக்குப் பங்கு பிரித்து எழுதுங்கள். 70 என்று போட்ட பத்துப் பெயர்களில் ஏழு பலித்தால் கணக்கு சரி. பத்தும் பலித்தால், அடுத்த ஆண்டு 90 என்று போடும் தைரியம் உங்களுக்கு வர வேண்டும்.